ஓய்வு வேளை: தபால்தலையின் முதுகில் இரண்டு கோடு

ஓய்வு வேளையில் செய்யத்தக்க காரியங்களைப் பற்றி இப்பகுதியில் மாதந்தோறும் எழுதி வருவதை அன்பர்கள் அறிவார்கள். இம்மாதம் தபால்தலை சேகரிப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நம் சங்க அன்பர் ஒருவர் விடுத்த கேள்வியாகும். அவருடைய மைத்துனர் பல்லாண்டுகளாக இங்கிலாந்தில் வசிப்பவர். அங்கிருந்து வந்த கடிதங்களை உறையோடு ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பது அவ்வீட்டு வழக்கம். அன்பரின் மகன், உயர்நிலைப் பள்ளி மாணவன், அப்பெட்டியைத் திறந்து, அரசி எலிஸபெத்தின் தலை பொறித்த தபால்தலைகளை இருநூறுக்கு மேல் பிரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக வைத்திருக்கிறானாம். "நாடு நாடாகச் சேர்த்தாலாவது பூகோளம் கற்கலாம். ஒரே படத்தை இருநூறு முறை சேர்ப்பதில் என்ன பயன்? பெட்டியைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டுப் பையனைப் பாடத்தில் உட்காரச் சொல்லலாமா?" என்று அவர் கேட்கிறார்.

எடைக்குப் போட வேண்டாம் என்பதே என் விடை. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தபால்தலைகள் இருவகைப்படும். ஒரு பெரியாரையோ ஒரு விழாவையோ குறித்துச் சில காலமே விற்கப்படுபவை நினைவுத் தபால்தலைகள். ஆண்டுக்கணக்கில் அச்சிடப்பட்டு, அஞ்சலகத்தில் எந்நாளும் கிடைப்பவை அன்றாடத் தபால்தலைகள். முன்னவை விருந்துச் சோறு. பின்னவை வீட்டுச் சோறு. சேகரிப்போரில் பெரும்பாலோர் விருந்தையே நாடுவர். ஆயினும் அன்றாடத் தபால்தலைகளை மட்டுமே பல்லாண்டு ஆராய்வோரும் உண்டு. அவர்கள் தேடுவது வேறு வேறு படங்களையல்ல. ஒரே படத்தில் நேர்ந்த அச்சு வேறுபாடுகளை. காகிதம், கோந்து, நீர்க்குறி, ஓரத்துளை, மை, பட்டை ஆகிய ஆறும் அவர்கள் பார்வைக்கு உரியவை. இவ்வகை ஆராய்ச்சிக்குப் பிரிட்டிஷ் தபால்தலைகளைப் போல் இடந்தரும் வேறு நாட்டுத் தலைகள் மிகச் சிலவே. தன் நாட்டின் பெயரை அச்சிடாமல் அரசர் அல்லது அரசியின் தலையையே அடையாளமாக வைத்துக்கொள்ளும் நாடு பிரிட்டன் ஒன்றே. ஆகவே முகம் நெடுங்காலம் மாறாமல் நிற்கும். மாறுவதெல்லாம் அதைச் சுற்றியுள்ள வேலைப்பாடுதான்.

இவ்வேறுபாடுகளில் மிகப் பல காரணமின்றி வந்தவையல்ல. எங்கோ ஒரு தொல்லை எழுந்தது. அதைத் தீர்க்க அஞ்சல் துறை ஒரு வழி கண்டது. அவ்வழியின் தடம் தபால்தலையில் பதிந்தது. அத்தடத்தைக் கண்டு தொல்லை இன்னதென அறிவதே இக்கலையின் சுவை.

முதல் தபால்தலையிலிருந்தே தொடங்குவோம். 'பென்னி பிளாக்' எனப்படும் கறுப்பு ஒரு பென்னித் தலை 1840 மே 6 முதல் செல்லுபடியாயிற்று. ஒரு தாளுக்கு 240 தலைகள், ஒரு வரிசைக்கு 12, வரிசைகள் 20. அக்காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆகவே ஒரு வரிசை ஒரு ஷில்லிங். முழுத்தாள் ஒரு பவுண்டு. அஞ்சலகக் குமாஸ்தா கணக்குத் தவறாதிருக்க எவ்வளவு எளிய ஏற்பாடு! பணம் வாங்கிச் சில்லறை எண்ணும் தொழிலில் இருப்போருக்கு இதன் அருமை தெரியும்.

அத்தலையின் கீழ் மூலைகள் இரண்டிலும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து உண்டு. முதல் வரிசையின் முதல் தலையில் 'ஏ, ஏ'. அடுத்ததில் 'ஏ, பி'. இவ்வாறே சென்று கடைசித் தலையில் 'டி, எல்' என முடியும். இடது எழுத்து வரிசையையும் வலது எழுத்து அவ்வரிசையில் இடத்தையும் காட்டும். கள்ள அச்சடிப்பவன் ஒரு தலையைப் பார்த்துப் பலவற்றை அடித்தால் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துகள் வந்து அகப்பட்டுக்கொள்வான் என்பதே நோக்கம். போலியைத் தடுக்க வந்த எழுத்துகள் பிற்காலத்தில் சேகரிப்போருக்கு ஒரு விளையாட்டாயின. தனித்தனியே கிடைத்த 240 தலைகளை எழுத்து வரிசைப்படி அடுக்கி முழுத்தாளை மீண்டும் அமைக்க முயல்வது அவர்கள் வழக்கம்.

கறுப்புத் தலைக்கு ஆயுள் ஓராண்டே. அதன் மேல் சிவப்பு மையால் முத்திரை குத்தினர். அம்மையைக் கழுவி அகற்றித் தலையை மறுமுறை பயன்படுத்தச் சிலர் முற்பட்டனர். எனவே 1841-இல் தலையைச் சிவப்பாகவும் முத்திரையைக் கறுப்பாகவும் மாற்றினர். சிவப்புப் பென்னி நெடுங்காலம் வழங்கிற்று. பின்னர் அதன் நான்கு மூலைகளிலும் எழுத்துகள் வந்தன. பக்கச் சட்டத்தில் அச்சுத் தகட்டின் எண்ணும் மிக நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டது. பூதக்கண்ணாடியின்றி அதைப் படிக்க இயலாது. அவ்வெண்கள் 71 முதல் 225 வரை செல்லும். அவற்றுள் 77 என்ற தகடு சரியாக அமையாமையால் விலக்கப்பட்டது. ஆயினும் அதில் அச்சான சில தலைகள் எவ்வாறோ வெளியே வந்துவிட்டன. இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. மற்ற எண் கொண்ட சாதாரணச் சிவப்புப் பென்னிகளோ எளிதில் கிடைப்பவை. இரண்டுக்கும் நிறம் ஒன்றே, முகம் ஒன்றே. வேறுபாடு அரிசி நொய்யினும் சிறிய ஓர் எண்ணில் இருக்கிறது.

தொடக்கத்தில் தபால்தலைக்கு ஓரத்துளை கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் 1840-களின் இறுதியில் துளையிடும் இயந்திரத்தை அமைக்க முற்பட்டார். அரசாங்கம் அவருடைய உரிமையை 1853-இல் 4,000 பவுண்டுக்கு வாங்கிற்று. 1854-இல் துளையிட்ட தலைகள் வழக்கத்திற்கு வந்தன. துளைகளின் நெருக்கத்தை அளக்க 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்று எண்ணும் முறையை 1866-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் லெக்ராண்ட் வகுத்தார். இன்றும் உலகெங்கும் அதுவே அளவு. '15க்கு 14' என்று பட்டியலில் கண்டால், மேல் கீழ் ஓரங்களில் 2 சென்டிமீட்டருக்கு 15 துளை, பக்க ஓரங்களில் 14 துளை என்று கொள்ள வேண்டும்.

ஒரே படத்தைப் பல அச்சகத்தார் அச்சிடும்போது நேரும் வேறுபாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு 1913-இல் வெளிவந்த உயர்விலைத் தலைகள். கடற்குதிரைகள் இழுக்கும் தேரில் பிரிட்டானியா தேவி அலைமேல் செல்லும் காட்சி அதில் உண்டு. ஆகவே 'கடற்குதிரை' என்றே அவற்றுக்குப் பெயர். இரண்டரை ஷில்லிங், 5 ஷில்லிங், 10 ஷில்லிங் தலைகளை முதலில் வாட்டர்லோ கம்பெனியும், 1915 முதல் டி லா ரூ கம்பெனியும், 1918 முதல் பிராட்பரி வில்கின்ஸன் கம்பெனியும் அச்சிட்டன. படம் மாறவில்லை. ஆனால் மூன்றாவது கம்பெனியின் அச்சு மற்றவற்றினும் உயரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிகும். பள்ளிப் பிள்ளையின் அளவுகோலைக் கொண்டே அச்சிட்டவர் பெயரைச் சொல்லிவிடலாம்!

இனி அரசி எலிஸபெத்தின் காலத்துக்கு வருவோம். தகரப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் இக்காலத்தவையே. 1952 டிசம்பரில் தொடங்கிய முதல் வரிசைக்கு, டாரதி வைல்டிங் என்னும் அம்மையார் எடுத்த புகைப்படமே மூலம். ஆதலின் அவ்வரிசைக்கு 'வைல்டிங்' என்றே பெயர் வழங்குகிறது. அதன் காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஒரு நீர்க்குறி தெரியும். முதலில் டியூடர் கிரீடமும் அரசியின் பெயரெழுத்துகளும். 1955 முதல் கிரீடத்தின் வடிவம் மாறிப் புனித எட்வர்ட் கிரீடம். 1958 முதல் எழுத்துகளின்றிக் கிரீடங்கள் மட்டும். முன்பக்கம் பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஊடுருவிப் பார்த்தால் மூன்றும் வேறு.

அவ்வரிசையின் இரண்டரைப் பென்னித் தலையில் அரசியின் முடியில் முன்னே ஒரு சிலுவை உண்டு. ஒரு வகையில் அச்சிலுவையின் மேற்கோடு பாதி அகலமே ஓடும். மற்றொரு வகையில் முழு அகலமும் ஓடும். ஒரு மயிரிழை நீளத்தைக் கொண்டு முதல் வகை, இரண்டாம் வகை என அறிஞர் பகுத்திருக்கின்றனர்.

தலைப்பிற் சொன்ன இரண்டு கோட்டின் கதை இனித் தொடங்குகிறது. அஞ்சற்பெட்டியிலிருந்து கொட்டப்படும் கடிதங்கள் தலைகீழாயும் குப்புறவும் கிடக்கும். அவற்றை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கிய பின்னரே முத்திரை குத்த முடியும். நூற்றுக்கணக்கான கைகள் இரவெல்லாம் செய்துவந்த இவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க அஞ்சல் துறை விரும்பிற்று. ஆனால் தபால்தலை எம்மூலையில் இருக்கிறது என்று இயந்திரம் எவ்வாறு அறியும்? தலையின் பின்புறம் கோந்துக்கு அடியில் கிராபைட் மையால் கறுப்புக் கோடு இட்டனர். கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கொண்டு இயந்திரம் தலை இருக்கும் இடத்தை உணரும். 1957 நவம்பர் 19 அன்று சவுத்தாம்ப்டன் துறைமுக நகரில் இத்தலைகள் சோதனையாக விற்பனைக்கு வந்தன. பொதுவாக இரண்டு கோடு. குறைந்த கட்டணத்து அச்சுத்தாள் தபாலைப் பிரித்தறிய 2 பென்னித் தலைக்கு மட்டும் ஒரே கோடு.

எண்ணிப் பாருங்கள். கவுண்டரில் வாங்கிய பொதுமக்களுள் பலர் முன்புறத்தை மட்டும் கண்டு நாவால் நனைத்து ஒட்டியிருப்பர். முதுகில் இருந்த கோட்டில் ஒரு புதிய காலம் எழுதப்பட்டிருந்ததை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். உலக அஞ்சல் வேலை இயந்திரத்தின் கைக்கு மாறிய கதையின் தொடக்க வரிகளுள் அவ்விரண்டு கோடுகளும் அடங்கும்.

கிராபைட் நிலைக்கவில்லை. 1959-இல் கோடுகளோடு முன்புறத்தில் பாஸ்பரப் பட்டைகளையும் சேர்த்துப் பார்த்தனர். அடுத்த ஆண்டு முதல் பட்டைகள் மட்டுமே நின்றன. இப்பட்டை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. புறஊதா ஒளி பட்டால் சுடர்விடும். அச்சுடர் தொடக்கத்தில் பச்சை, 1961 முதல் நீலம், 1965 முதல் ஊதா என மாறிற்று. விளக்கு இல்லாதவரும் தலையைச் சாய்த்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், பட்டை உள்ள இடம் மங்கலாகவும் மற்ற இடம் பளபளப்பாகவும் தோன்றுவதைப் பல தலைகளில் காணலாம்.

1967 ஜூன் 5-இல் வைல்டிங் வரிசைக்குப் பதிலாக வந்தது 'மேச்சின்' வரிசை. ஆர்னால்ட் மேச்சின் ஒரு சிற்பி. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மறுத்துச் சிறை சென்றவர். அரசியின் தலையைப் புடைப்புச் சிற்பமாகச் சுண்ணச்சாந்தில் வார்த்து, அதன் புகைப்படத்தையே அச்சுக்கு மூலமாக அளித்தார். பெயரில்லை, அலங்காரமில்லை, ஒரு தலை, ஒரு விலை, ஒரு நிறம். இவ்வுருவம் அரைநூற்றாண்டுக்கு மேல் மாறாமல் வழங்கிற்று. பையனின் நோட்டில் உள்ள இருநூறும் இதுவாகத்தான் இருத்தல் வேண்டும்.

இவ்வரிசையின் 4 பென்னித் தலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1967-இல் அது கரும்பழுப்பு நிறம். சாதாரணக் கடிதக் கட்டணமாதலின் இரண்டு பட்டை. 1968 செப்டம்பர் 16 அன்று கடிதங்களை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என அஞ்சல் துறை பிரித்தது. 5 பென்னி ஒட்டினால் விரைவு; 4 பென்னி ஒட்டினால் தாமதம். இயந்திரம் பிரித்தறிய வேண்டுமாதலால் அன்றே 4 பென்னியின் இரண்டு பட்டை போய் நடுவில் ஒரே பட்டை வந்தது. 1969 ஜனவரியில் நிறமும் சிவப்பாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சமையல் குறிப்புகளோடு கூடிய தபால்தலைப் புத்தகம் ஒன்று 1 பவுண்டு விலையில் வெளிவந்தது. அதில் 1 பென்னி, 4 பென்னி, 5 பென்னித் தலைகளை ஒரே ஏட்டில் கலந்து அச்சிட்டபோது 4 பென்னியின் பட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிற்று. கோந்திலும் பழைய அரபுக் கோந்து ஒருவகை, புதிய செயற்கைக் கோந்து ஒருவகை. ஆக, மூன்றே ஆண்டுகளில் ஒரு 4 பென்னித் தலை எத்தனை பிறவி எடுத்துவிட்டது பாருங்கள்! ஒவ்வொரு பிறவிக்கும் ஒரு வேலைக் காரணம் உண்டு.

1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிற்று; ஒரு பவுண்டுக்கு 100 புதுப் பென்னி. அதன்பின் விலைவாசி ஏற ஏறக் கட்டணமும் ஏறிற்று. புதுப்புது விலைகளில் தலைகள் குவிந்தன. ஓயாது விலை மாற்றும் தொல்லையைத் தவிர்க்க 1989-இல் விலையே இல்லாமல், 'முதல் வகுப்பு', 'இரண்டாம் வகுப்பு' என்ற குறியோடு மட்டும் தலைகள் வந்தன. முன்பு ஹாரிஸன் அச்சகத்தாரே பெரும்பாலும் அச்சிட்டு வந்த இத்தலைகளை 1980 முதல் குவெஸ்டா, வாடிங்டன் முதலிய அச்சகத்தாரும் வேறு முறையில் அச்சிட்டனர். எழுத்தின் கூர்மையிலும் நிழலின் மென்மையிலும் வேறுபாடு தெரியும். 1993-இல் போலிகளைத் தடுக்கப் பக்க ஓரத்துளைகளுக்கு நடுவே நீள்வட்டத் துளை ஒன்று சேர்ந்தது. 2009-இல் தலையின் உடலிலேயே வளைந்த கீறல்கள் வெட்டப்பட்டன. உரிக்க முயன்றால் தலை கிழிந்து போகும். அன்றியும் சாய்த்துப் பார்த்தால் மட்டும் மின்னும் மையில் அஞ்சல் துறையின் பெயர் மேலே ஓடுகிறது. அப்பெயரின் எழுத்துகளுள் சிலவற்றை மாற்றி, இத்தலை எவ்வகைப் புத்தகத்திலிருந்து வந்தது, எந்த ஆண்டில் அச்சானது என்பதற்கான அடையாளத்தை ஒளித்து வைத்தனர். 1840-இல் மூலையில் இட்ட எழுத்தும் 2009-இல் மின்னும் மையில் மறைத்த எழுத்தும் ஒரே எண்ணத்தின் இரு கிளைகள் அல்லவா?

2022-இல் தலையின் பக்கத்தில் இயந்திரம் படிக்கும் சதுரக் குறி ஒன்று இணைந்தது. ஒவ்வொரு தலைக்கும் தனிக்குறி. ஆகவே ஒருமுறை பயன்பட்டதை மறுமுறை பயன்படுத்த முடியாது. அரசி 2022 செப்டம்பர் 8 அன்று காலமானார். புதிய அரசர் சார்லஸின் தலை பொறித்தவை 2023 ஏப்ரலில் வந்தன. குறி இல்லாத பழைய அன்றாடத் தலைகளுக்கு 2023 ஜனவரி இறுதியோடு செல்லுபடி முடிந்தது. ஜூலை இறுதிவரை சலுகை அளித்தனர். இவ்வாறு கிராபைட் கோட்டில் தொடங்கியது சதுரக் குறியில் வந்து நிற்கிறது. இரண்டும் இயந்திரத்துக்கு எழுதிய கடிதங்களே.

இனிச் செய்முறை. இக்கலைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நல்ல பூதக்கண்ணாடி, தலையைப் பற்றும் சிமிட்டா, துளை அளக்கும் அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவையே தொடக்கத்துக்குப் போதும். பிள்ளைகள் கோந்தாலோ சோற்றுப் பசையாலோ தலையை நோட்டில் அப்பிவிடுதல் கூடாது. இதற்கென விற்கும் மெல்லிய கீல்தாளைப் பயன்படுத்தலாம். அல்லது கண்ணாடிக் காகித வரிசைகள் கொண்ட ஆல்பத்தில் செருகி வைக்கலாம். நீர்க்குறியைக் காணப் பெட்ரோலியத் திரவத்தில் நனைக்கும் முறை ஒன்று உண்டு. அது தீப்பற்றும் பொருளாதலால் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். கறுப்புத் தட்டின் மீது கவிழ்த்து வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பதே அவர்களுக்குத் தக்கது. புறஊதா விளக்கு கையில் இருந்தால், அதைக் கண்ணுக்கு நேரே பார்த்தல் ஆகாது.

நோட்டில் ஒவ்வொரு தலைக்கும் நான்கு குறிப்பு எழுதப் பழக்குங்கள்: விலை, நிறம், துளை, பட்டை. ஐயமுள்ள இடத்தில் 'ஐயம்' என்றே எழுத வேண்டும். கண்டதைக் கண்டவாறும் காணாததைக் காணாததாகவும் எழுதும் பழக்கம் எவ்வேலைக்கும் அடிப்படை. பார்சல் அலுவலகத்தில் மூட்டை ஒன்று குறைந்தால், "இருந்திருக்கும்" என்று எழுதும் குமாஸ்தாவால் நட்டம். "இல்லை" என்று எழுதும் குமாஸ்தாவால் கணக்குத் தேறும். பதினைந்து வயதுக்குள் இப்பழக்கம் கைவந்த பிள்ளை பாடத்திலும் பின்தங்குவதில்லை.

அடுத்தது பணம். இதில் வீட்டுப் பெரியோர் விழிப்பாயிருக்க வேண்டும். அச்சு வேறுபாடு என்றாலே ஆயிரக்கணக்கில் விலை என்று ஒரு மயக்கம் பரவியிருக்கிறது. மேச்சின் தலைகள் கோடி கோடியாக அச்சானவை. பயன்பட்ட சாதாரணத் தலைக்கு விலை ஏதும் இல்லை என்றே சொல்லலாம். நீர்க்குறி தலைகீழாய் இருப்பதைப் பெரும்பிழை என்று சொல்லி விற்பாரும் உளர். சிறு புத்தகங்களுக்காக அச்சிடும் தாளில் பாதி ஏடுகளைத் தலைகீழாக அமைப்பது அச்சகத்தாரின் வழக்கம்; ஆகவே அப்புத்தகத் தலைகளில் பாதி தலைகீழ் நீர்க்குறியோடுதான் பிறக்கும். அதில் அபூர்வம் இல்லை. நிறம் விட்டுப்போன தலை என்று காட்டுவது வெயிலில் வைத்தோ இரசாயனத்தில் நனைத்தோ நிறம் மாற்றப்பட்டதாக இருக்கலாம். துளையில்லாத தலை என்று காட்டுவது ஓரத்தைக் கத்தரித்ததாக இருக்கலாம். இணைந்த இரண்டு தலைகள் இடையே துளையின்றி இருந்தாலன்றி நம்பலாகாது. வேறு எண்ணைத் திருத்தி 77 ஆக்கிய சிவப்புப் பென்னிகளும் உலவியிருக்கின்றன. உண்மையில் அரியது என்று தோன்றினால், 1869-இல் தோன்றிய இலண்டன் ராயல் பிலாட்டலிக் சங்கம் போன்ற அமைப்புகள் ஆராய்ந்து சான்றிதழ் தருகின்றன. சான்றின்றிப் பெருந்தொகை கொடுப்பது மாதச் சம்பளக் குடும்பத்துக்கு ஏற்றதன்று. பட்டியலில் அச்சிட்ட விலை வியாபாரி விற்கும் விலை. நாம் விற்கப் போனால் கிடைக்கும் விலை அதில் சிறு பங்கே.

பிரிட்டிஷ் தலைகள் கிடைக்காத பிள்ளைகள் வருந்த வேண்டுவதில்லை. கண் பழகிவிட்டால் நம் நாட்டுத் தலைகளிலும் இதே வேலையைச் செய்யலாம். 1957 ஏப்ரல் 1-இல் நயாபைசா வழக்கத்துக்கு வந்தபோது நாசிக் அச்சகத்தில் அச்சான இந்திய வரைபடத் தலைகள் பழைய உறைகளில் ஏராளம். தொடக்கத்தில் அவற்றின் நீர்க்குறி பல நட்சத்திரங்கள். 1958 முதல் அசோகத் தூணின் சிங்கத் தலைகள். முன்புறம் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே படம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவருக்கோ, ஆங்கிலேயர் காலத்து நட்சத்திரம் மறைந்து குடியரசின் சின்னம் காகிதத்துக்குள் குடியேறிய காலம் தெரியும்.

இறுதியாக ஒன்று, இது சேகரிப்போரை விட நம் போன்ற குடும்பங்களுக்கே பெரிதும் உரியது. உறையிலிருந்து தலையைக் கிழிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். தலையை மட்டும் எடுத்தால் பட்டையும் துளையும் தெரியும். உறையோடு வைத்தால் எவ்வூரில், எந்நாளில், எக்கட்டணத்தில் அது பயன்பட்டது என்பதும் தெரியும். கட்டணம் மாறிய முதல் வாரத்து உறை ஒன்று, கழற்றி எடுத்த நூறு தலைகள் சொல்லாததைச் சொல்லும். பிற்காலத்து ஒட்டுத்தலைகள் பல தண்ணீரில் ஊறவைத்தாலும் கழலாமல் பாழாகும். அவற்றைச் சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டி வைப்பதே முறை. அதனினும் சிறந்தது முழு உறையையும் வைத்திருப்பது.

உறையின் முன்புறத்தில் தலை மட்டுமா இருக்கிறது? நம் முகவரியும் இருக்கிறது. நாமெல்லாம் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் குவார்ட்டர்ஸ் மாறி, காலனி மாறி, மாநிலம் மாறி வாழ்ந்தவர்கள். எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தோம் என்பதைப் பல வீடுகளில் எவரும் எழுதி வைத்ததில்லை. மைத்துனரும் தமையனும் தமக்கையும் கடல்கடந்து அனுப்பிய உறைகள் அதைத் தேதியோடு எழுதி வைத்திருக்கின்றன. மூத்தவர் பெயருக்கு வந்த கடிதம் எந்நாளோடு நின்று, இளையவர் பெயருக்கு எந்நாள் முதல் வரத் தொடங்கிற்று என்பதும் அவ்வுறைகளிலேயே இருக்கும். இயந்திரத்துக்காக இட்ட கோட்டை அறிஞர்கள் இவ்வளவு காலம் போற்றி ஆராய்கிறார்கள் என்றால், நமக்காக எழுதிய கையெழுத்தை நாம் எடைக்குப் போடலாமா?

ஆகவே அன்பருக்கும் அவர் போன்ற பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுவே. பிள்ளை பாடம் படிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பெட்டியோடும் உட்காரட்டும். இனிக் கிழிக்காமல் உறைகளை ஆண்டுவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். முகவரியில் உள்ள ஊர்களைப் பற்றி அவன் கேட்டால் பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து சொல்லுங்கள். அந்த வேலையை அவனால் தனியே செய்ய முடியாது. எந்தப் பட்டியலிலும் அதற்கு விடை அச்சிடப்படவில்லை.